பத்தரை மணிக்கு ஓடிய பாடம்

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் வந்து பேச வேண்டும் என்று நிவேதா மூன்று முறை போன் செய்துவிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பெண். தலைப்பைக்கூட அவளே வைத்துவிட்டாள்: 'ஆன்லைன் படிப்பில் சுய ஊக்கம்'. அரை மணி நேரம் பேசினால் போதுமாம். முதல் முறை முழங்கால் வலி என்றேன். இரண்டாம் முறை ஊருக்குப் போகிறோம் என்றேன். மூன்றாம் முறை பொய் எதுவும் வாயில் வராததால், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அதுதான் இது. இதை மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட முடியுமா, முடியாதா என்பது அவள் பாடு.

பேச எனக்குப் பயமில்லை. முப்பத்தோரு வருஷம் பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். ஆனால் ஊக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததை எல்லாம் ஒரு பெண் கலைத்துப் போட்டுவிட்டாள். அதிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி யாராவது மேடை போட்டுப் பேசினால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இதை எழுதும்போதே நான்கு தரம் எழுந்து போய் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "நாற்காலியில் முள்ளா கெடக்கு?" என்று கேட்கிறார்.

எழுதட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எழுதுங்க, பேரை மட்டும் மாத்திருங்க என்றாள். மாற்றியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுடையது அஞ்சல்வழிக் கல்வி. அச்சிட்ட பாடங்களைக் கட்டுக் கட்டாக அனுப்புவோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புக்கு நாற்காலி போடுவோம். அனுப்பியதை யாராவது பிரித்தார்களா என்று நாங்களும் கேட்க மாட்டோம், கேட்டாலும் தெரிந்துகொள்ள வழியில்லை. பிறகு எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. மூன்று நாள் பயிற்சி கொடுத்து, அம்பத்தூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 'கற்போர் ஆதரவு' என்று பலகை போட்ட அறையில் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். எதிரே பெரிய திரை. மாணவருக்கு ஒரு வரி. பாடத்தைத் திறந்து படிப்பவர் வரி பச்சை. நான்கு நாள் திறக்காவிட்டால் மஞ்சள். இரண்டு வாரம் ஆனால் சிவப்பு. எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை நிமிடம் பார்த்தார், பாடத்தின் முடிவில் உள்ள கேள்விகளுக்கு எவ்வளவு எடுத்தார், எல்லாம் அந்த வரியில் தெரியும். மஞ்சளைச் சிவப்பாகாமல் பிடித்து நிறுத்துவதுதான் எங்கள் வேலை. கையில் இருந்த கருவி ஒரு தொலைபேசியும் ஒரு நீள நோட்டும்.

எங்கள் துணை இயக்குநர் அருளப்பன் சார். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் ஒத்துக்கொள்ளத் தோன்றிவிடும் என்பார். குரலை உயர்த்த மாட்டார், அதனாலேயே அவரிடம் எங்களுக்குப் பயம். மாணவரைப் பற்றி நாங்கள் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் ஒரே கேள்வி: "இது பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" நோட்டில் 'சோம்பேறி' என்று நான் ஒரு முறை எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'நினைச்சது' என்று எழுதித் திருப்பித் தந்தார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அழைப்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். நான்காம் நாள் போன் செய்ய வேண்டும். ஏன் படிக்கவில்லை என்று கேட்கவே கூடாது. கேட்டால் காரணம்தான் வருமாம். எந்தப் பாடத்தில் நிறுத்தினீங்க என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கே நினைவிருக்காது, பார்த்துச் சொல்கிறேன் என்று பாடத்தைத் திறப்பார். திறந்துவிட்டாரா, பாதி வேலை முடிந்தது. அடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். மூன்றையும் அவர் வாயால் சொல்ல வேண்டும், நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். அந்த நேரம் கழிந்த மறுநாள் திரும்ப அழைத்து, உட்கார்ந்தீங்களா என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றால் திட்டக் கூடாது. மறுபடி நாள், நேரம், இடம்.

திட்டாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். சும்மா இருக்க முடியாத கை என்னுடையது. முதல் வருஷமே சாருக்குத் தெரியாமல் எட்டு மாணவர்களுக்குத் தினமும் காலையில் வீட்டிலிருந்தே போன் செய்து எழுப்பி விட்டுக்கொண்டிருந்தேன். எட்டும் பச்சை. அலுவலகத்தில் என் பட்டியல்தான் முதலிடம். பிறகு காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது சார் அந்த எட்டு வரிகளையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று நாளும் எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பாடத்தைத் திறக்கவில்லை. "இதுல படிக்கிறது இவங்களா, நீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றோடு எழுப்புவதை நிறுத்தினேன். எட்டில் மூன்று பேர்தான் தேறினார்கள்.

பச்சை என்றால் படிப்பு என்று நம்பக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் டில்லிபாபு என்று ஒருவர். ஒரே பகலில் ஒன்பது வீடியோவைப் பார்த்து முடித்திருந்தார். கேள்விகளில் வாங்கியது முட்டை. போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம்.

"இன்னா மேடம் பண்ண சொல்றீங்க. பாடம் பாக்கெட்ல ஓடிகினு கீது. நான் மெசினு ஓட்டிகினு கீறேன். ரெண்டும் ஓடுது இல்ல?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார், அது அபூர்வம். ஒரு வீடியோ முடிந்ததும் அதில் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைத் தன் குரலில் பதிவு செய்து எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று டில்லிபாபுவுக்கு ஏற்பாடு செய்தோம். நாளுக்கு ஒன்பது, வாரத்துக்கு இரண்டானது. வரி அடிக்கடி மஞ்சளுக்குப் போனது. ஆனால் தேறிவிட்டார்.

இவ்வளவு பாடம் படித்த பிறகும் நான் ஏமாந்தேன். அதுவும் என் வீட்டுச் சங்கதியிலேயே ஏமாந்தேன்.

இசக்கிமுத்து கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் டிபன்ஸ் பேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அம்மா, மனைவி, ஒரு வயதுக் குழந்தை. பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டியிருந்ததால் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்திருந்தார். அந்த வரியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். திங்கள் முதல் சனி வரை சரியாகப் பத்தரை மணிக்குப் பாடம் திறக்கும். பன்னிரண்டு வரை ஓடும். நடு நடுவே நிறுத்தி, பின்னுக்குப் போய், மறுபடி கேட்ட அடையாளம் இருக்கும். கேள்விகளில் பத்துக்கு ஒன்பதுக்குக் குறைந்ததில்லை. நேரில் எழுதும் பருவத் தேர்வில் மட்டும் கரையேறும் அளவுக்குத்தான் மதிப்பெண். அதற்கு நான் நோட்டில் எழுதிய காரணம்: பரீட்சை பயம். அவரைக் கேட்காமலே எழுதினேன்.

மற்ற மாணவர்களிடம் எல்லாம் இவர் புராணம்தான். வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் படிக்கவில்லையா என்று. ஒரு தொடர்பு வகுப்பில் அவரை எழுப்பி நிறுத்தி, எப்படிப் படிக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். நேரம் ஒதுக்கணும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடக்கம் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் அவர் மனைவி செண்பகவல்லி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஏதோ வரைந்து காட்டுகிறாள் என்று அதையும் நினைத்தேன்.

அவர் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மாலை. என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். போனை எங்கேயோ வைத்துவிட்டு வீடு பூராவும் தேடினார். கிடைத்ததும், "இத்தனை வருஷம் பேக்டரி கேட்டுலயே போனக் குடுத்துட்டு உள்ள போனவன் நான். இப்ப அஞ்சு நிமிஷம் இது இல்லாம இருக்க முடியல பாரு" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அவர் வேலை பார்த்ததும் அதே பேக்டரி. போனை உள்ளே கொண்டுபோக முடியாது. என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நான் பேக்டரி கேட்டில் இருந்த காவலருக்குப் போன் செய்து, அவர்கள் உள்ளே ஆள் அனுப்பி, இவர் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. அன்று நான் பட்ட பாடு எனக்கு மறக்குமா? ஆனால் பகல் வேலைக்குப் போகும் இசக்கிமுத்து தினமும் பத்தரை மணிக்குப் பாடம் பார்க்கிறார் என்று ஒன்றரை வருஷம் நம்பிப் பெருமைப்பட்டிருக்கிறேன். திரையில் பச்சையாகத் தெரிந்ததால் என் புத்தி அதற்கு மேல் போகவில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் சாரிடம் சொன்னேன். பார்த்ததா என்றார். நினைச்சது சார் என்றேன். அப்ப போய்ப் பாருங்க என்றார். வீட்டுக்குப் போவது ஒரு மாதம் சிவப்பில் கிடப்பவர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம். பச்சைக்காக வீடு தேடிப் போனது அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

குவார்ட்டர்ஸ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மணி பத்தே முக்கால். வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இசக்கிமுத்துவின் அம்மா, யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே உதட்டில் விரல் வைத்தார். "எம் மவன் பாடம் ஓடுது. சத்தம் காட்டாம வாங்க" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. ஆன்லைன் படிப்பு என்றால் வீட்டில் யாராவது ஒருத்தர் அதை ஓட விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. எனக்கு மோர் கொடுத்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார், பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று.

சமையலறையில் அரிசி டின்மேல் போன் சாய்ந்திருந்தது. எதிரே தரையில் செண்பகவல்லி. அடுப்பு எரியவில்லை. சமைத்துக்கொண்டே ஓட விடுவாள் என்று நான் எண்ணிப் போயிருந்தேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் பாடத்தை நிறுத்தவில்லை. நானும் தரையில் உட்கார்ந்து அது முடியும்வரை கேட்டேன். முடிந்ததும் நோட்டை என் கையில் கொடுத்தாள். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று தலைப்பு. அதன் கீழே: 'முதல் தோசைக்கு அடுப்படிக்கே வந்து நிற்பார்கள். மூன்றாவதுக்குக் கூப்பிட வேண்டும். ஐந்தாவது நாய்க்கு.' அந்த விதியை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

"மொதல்ல சும்மா ஓடத்தான் விட்டேன் மேடம்" என்றாள். "பெறவு காதுல விழ ஆரம்பிச்சிட்டு. ஒரு நா அந்த சார் சொன்னது வெளங்கல, திருப்பிப் போட்டேன். அன்னையிலருந்து அடுப்ப அமத்திட்டுத்தான் உக்காருதேன்."

கேள்விகளுக்குப் பதில் எழுதியதும் அவள்தான். பரீட்சைக்கு முந்திய விடுமுறை நாட்களில் கணவருக்குச் சுருக்கி எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்ததும் அவள்தான். நான் இதை அலுவலகத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். சொல்லுங்க, தப்புதானே என்றாள். நான் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தாள்.

"அடுத்தது சந்தை வகைகள் மேடம். நாளைக்கு அதத் தொறந்தா தொறக்குமா, தொறக்காதா?"

அவள் கேட்டது அது ஒன்றுதான். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்து போய்விட்டேன்.

அறிக்கை எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம். கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆளில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தோம் என்ற திருப்தி அன்று வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. சார் ஜன்னலோரம் நின்று அதை இரண்டு முறை படித்தார். இசக்கிமுத்துவை விசாரணைக்கு அழைத்தோம். அவர் முழு மதிப்பெண் வாங்கியிருந்த கேள்விகளிலிருந்தே ஐந்தை சார் எடுத்து வைத்திருந்தார். முதல் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே இசக்கிமுத்து கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது சார். எம் பொண்டாட்டிக்குத் தெரியும். வெளிய நிக்கா."

மீதி நான்கையும் சார் கேட்கவில்லை. விதிப்படி சேர்க்கை ரத்து. வேலை பார்க்கும் இடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியில் இல்லாததால் தெரிவிக்கவில்லை. பிறகு செண்பகவல்லியை உள்ளே அழைத்து உட்காரச் சொல்லி அதே முதல் கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் தோசையில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினாள். இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நீங்க சேர்ந்துக்கிறீங்களா என்று சார் விண்ணப்பத்தை நீட்டியபோது அவள் கணவரைப் பார்த்தாள். சேரட்டும் சார் என்றார் அவர். அவள் படித்த ஒன்றரை வருஷத்தைக் கணக்கில் எடுக்க விதியில் இடமில்லை. முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதுக்கென்ன, தெரிஞ்ச பாடம்தான என்று சிரித்தாள்.

எனக்கு அன்று தலை கால் புரியவில்லை. நானே ஏதோ சாதித்துவிட்டது போல. அடுத்தவர் பெயரில் ஒரு நாள் தவறாமல் படித்தவள், தன் பெயரில் பறந்துவிட மாட்டாளா?

சேர்ந்த ஐந்தாம் நாள் வரி மஞ்சளானது. இரண்டு வாரத்தில் சிவப்பு.

அழைத்தேன். எந்தப் பாடத்தில் நிறுத்தினீங்க? முதல் பாடம் மேடம். நாள், நேரம், இடம்? நாளைக்குப் பத்தரை மணி, சமையக்கட்டு. மறுநாள், உட்கார்ந்தீங்களா? இல்ல மேடம். நாளை மாற்றினாள், மூன்று மணி என்றாள், மாடிப்படி என்றாள். என் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே வரிசையாக 'இல்லை'. சார் கற்றுக்கொடுத்த முறை அவளிடம் பலிக்கவில்லை. ஒருநாள் பொறுமை போய்விட்டது. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். புருஷனுக்காக ஒரு நாள் விடாமல் உட்கார்ந்தவளுக்குத் தனக்காக உட்கார முடியவில்லையா, ஏன் என்று கத்தினேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை.

"அவுக பாடம் ஓடும்போது அத்தை பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாக மேடம். கேஸ் சிலிண்டர் வந்தாலும் அத்தையே பாத்துக்கிடுவாக. இப்ப எம் பாடம்னு உக்காந்தா, சும்மாத்தான இருக்க, அந்தத் துணிய எடுத்துப் போடுங்காக. திட்டல மேடம். நல்ல மாதிரியாத்தான் சொல்லுதாக. எனக்கே அது சரின்னு படுது. எந்திரிச்சிருதேன்."

எனக்கே அது சரின்னு படுது. அந்தச் சொல்லை நோட்டில் எழுதிவிட்டு நான் பேனாவை மூடினேன். அன்று வேறு யாரையும் அழைக்கவில்லை. ஊக்கம் இல்லை, ஒழுங்கு இல்லை, நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்று அதுவரை எத்தனை பெண்களைப் பற்றி நினைத்திருப்பேன். பத்தரை மணி என்பது ஒரே பத்தரை மணிதான். மகனுடைய பாடம் என்றால் வீடே சேர்ந்து அதற்குக் காவல் நிற்கிறது. மருமகளுடைய பாடம் என்றால் அந்த நேரமே அவளுக்கு வருவதில்லை. குவார்ட்டர்ஸுக்குப் போய் அந்த அம்மாவிடம் நியாயம் கேட்க வேண்டும் என்று துடித்தது. உங்களைப் போகச் சொல்லி அந்தப் பெண் கேட்டாங்களா என்றார் சார். கேட்கவில்லை. இருந்தாலும் ஒருநாள் குவார்ட்டர்ஸ் கேட் வரைக்கும் போனேன். போய், எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, அந்த வரி பச்சையானது. நேரம் பத்தரை. செவ்வாயும் பத்தரை. நடுவே நிறுத்தி, பின்னுக்குப் போய், மறுபடி கேட்ட அதே அடையாளம். பச்சையை அழைக்கும் வழக்கமில்லை. ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் முடியாமல் அழைத்துவிட்டேன்.

"வீட்டுல அவுக பாடம் மறுபடி ஓடுதுன்னு சொல்லியாச்சு மேடம்" என்றாள்.

சேர்க்கை ரத்தானதை இசக்கிமுத்து அம்மாவிடம் சொல்லவே இல்லை. வெட்கம். கொஞ்ச நாள் லீவு விட்டிருக்காங்க என்று சொல்லி வைத்திருந்தார். அந்த லீவு முடிந்துவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று செண்பகவல்லிதான் அவரைக் கேட்டிருக்கிறாள். அவருக்கும் அது சௌகரியம். மறுநாளே மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பொய்யைப் பிடித்து நான் அவள் பாடத்தை நிறுத்தினேன். அதே பொய்யைத் திருப்பிப் போட்டு அவள் படிக்கிறாள். சாரிடம் சொன்னேன். விதிப்படி இதில் தப்பு உண்டா என்று கேட்டார். இல்லை சார், அவள் பெயர், அவளே கேட்கிறாள், அவளே எழுதுகிறாள் என்றேன். அப்போது நமக்கு இதில் வேலை இல்லை என்றார். சொல்லிவிட்டு, "எனக்கு இது பிடிக்கல" என்று முணுமுணுத்தார். எது பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் ஓய்வு பெற்றேன். திரை என் கண்ணைவிட்டுப் போனாலும் செண்பகவல்லி என் சொந்த எண்ணுக்கு அவ்வப்போது பேசினாள். தேர்வுகளுக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். அவுக எழுதப் போறாக, நான் கூடப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவோம் என்றாள். சென்னீர்குப்பம் பக்கத்துக் கல்லூரியில் தேர்வு மையம். ஒருமுறை மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். உள்ளே அவள் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே மரத்தடியில் இசக்கிமுத்து, மடியில் குழந்தை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "மூணு மணி நேரமும் நான் எங்கயும் போமாட்டேன் மேடம்" என்றார். அந்த மனிதரை அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

நிவேதா, புது மாணவர்களுக்கு நீ சொல்லப்போவது எதுவாகவும் இருக்கட்டும். படிப்பை ஒருவர் தனக்குள்ளிருந்தே கிளப்ப வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், எத்தனை மணிக்கு என்று கேட்பதோடு நிறுத்தாதே. அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், அவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் கேள். செண்பகவல்லிக்கு ஊக்கம் குறைந்தது ஒரு நாளும் இல்லை. இதைக் கேட்க எனக்கு ஒரு வேலைக்காலம் முழுதும் தேவைப்பட்டது.

போன வாரம் அவளிடமிருந்து போன். கடைசிப் பருவமும் தேறிவிட்டாள். முதல் வகுப்பு. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. பட்டச் சான்றிதழ் தபாலில் வரும் என்று சொன்னார்கள், அதில் யார் பெயர் இருக்கும் என்று கேட்டாள். உன் பெயர்தான், உறையின்மேலும் உன் பெயர்தான் என்றேன். பதிவுத் தபால், யாராவது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மாமியார் கையில் கிடைத்தால் இத்தனை வருஷப் பொய்யும் வாசலில் வைத்தே உடையும். பருத்திப்பட்டில் என் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடு, வந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

"வேண்டாம் மேடம். குவார்ட்டர்ஸுக்கே வரட்டும்" என்றாள். "தபால்காரரு வந்து எம் பேரைக் கூப்பிட்டா நான் எந்திரிக்க மாட்டேன். எம் பேருக்கு வந்தத அத்தைதான் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."